சாக்கில் கட்டிப் போட்ட நோட்டுகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் அறிவியல் பக்கத்தில், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியை எப்படி மாற்றுகிறது என்று வந்த கட்டுரையைப் படித்தேன். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. மேக்ஸ் பெருட்ஸ் என்ற விஞ்ஞானி 1937இல் ஹீமோகுளோபினை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்தை, கையில் எடுத்தார். அதன் வடிவத்தைக் கண்ணால் பார்க்க 1959 ஆகிவிட்டது. இன்று அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் பல புரதங்களின் வடிவத்தைக் கணினி சில நிமிடங்களில் கணித்துத் தருகிறது. அதற்காக அந்த நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் 2024இல் வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது. எல்லாம் சரி. அந்தக் கணினி எதைப் படித்துத் தேறியது என்பதை மட்டும் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது.

1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் புரதத் தரவு வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்று அதில் இருந்தவை 7 வடிவங்கள். யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் அணுக்கள் இருக்கும் இடங்களை அங்கே பதிந்து வைக்கலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அப்புறம் ஆய்விதழ்களும் கறாரானார்கள்: வங்கியில் பதியவில்லையா, உன் கட்டுரையை வெளியிட மாட்டோம். இப்படி ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்த சுமார் 1,70,000 வடிவங்கள்தான் ஆல்ஃபாஃபோல்டுக்குப் பாடப் புத்தகம். கணினி கெட்டிக்காரப் பிள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் எழுதியவர்கள் பல்லாயிரம் பேர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்படி ஒரு புத்தகத்தின் சில பக்கங்களை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன்.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 29 ஆண்டுகள் இயற்பியல் நடத்தினேன். ஆராய்ச்சி, படிக வளர்ப்பு. நம் ஊர்க் கல்லூரிகளில் இது ஏன் இத்தனை பிரபலம் என்றால் செலவு குறைவு. ஒரு பீக்கர், வடிகட்டிய கரைசல், மேலே மூட ஒரு பாலித்தீன் தாள், அதில் குண்டூசியால் நாலைந்து துளைகள். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். மூன்று நான்கு வாரம் கழித்து அடியில் கற்கண்டு மாதிரி ஒன்று நிற்கும். நின்றால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் நிற்காது. கரைசல் பால் போலக் கலங்கும், உப்பு பீக்கரின் சுவரேறிப் பூக்கும், பூஞ்சை பிடிக்கும், பொங்கல் லீவு முடிந்து வந்து பார்த்தால் மொத்தமும் காய்ந்து பொருக்காகக் கிடக்கும். ஒரு மாணவி நான்கு ஆண்டுகளில் போட்ட பீக்கர்கள் முந்நூறைத் தாண்டும். அவருடைய ஆய்வேட்டில் இடம் பிடித்தவை ஐந்து படிகங்கள்.

மீதியெல்லாம் நோட்டில் இருந்தன. எத்தனை கிராம், எத்தனை டிகிரி, அமிலத்தன்மை எவ்வளவு, எத்தனையாவது நாள் கலங்கியது என்று பிள்ளைகள் ஒழுங்காகவே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கோடையில் ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது அந்த நோட்டுகளை மூன்று சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சரிவராத சோதனைதானே, எதற்கு இடத்தை அடைக்கிறது என்று நானே நினைத்தேன்.

2016இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்காவில் ஹேவர்ஃபோர்டு என்று ஒரு சிறிய கல்லூரி. இளநிலை மாணவர்கள் படிக்கும் இடம். அங்கே பழைய ஆய்வக நோட்டுகளில் கிடந்த, தோற்றவை உட்பட ஏறக்குறைய 4,000 வேதிவினைகளைக் கணினியில் ஏற்றி, ஒரு நிரலைப் பழக்கினார்கள். பிறகு புதுச் சேர்மங்களில் படிகம் வர என்ன நிலைமைகள் வேண்டும் என்று அதைக் கேட்டார்கள். அது சொன்னபடி செய்ததில் நூற்றுக்கு 89 கைகூடியது. அனுபவமுள்ள வேதியியலாளர்கள் தங்கள் கைப்பக்குவத்தில் தேர்ந்தெடுத்ததில் 78. நிரலுக்கு உரமாக இருந்தது நான் எடைக்குப் போட்ட சரக்கேதான்.

தோற்றது எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் காளான் கதை சொல்வேன். நல்ல காளானை மட்டும் காட்டி வளர்த்த பையனை மழைக்காலத்தில் காட்டுக்கு அனுப்பினால் என்ன பறித்து வருவான்? ஆய்விதழ்களில் வருவதெல்லாம் நல்ல காளான். அதை மட்டும் படித்த கணினிக்கு எல்லை எங்கே என்று தெரியாது.

ஆகாததைச் சொல்வதும் அறிவுதான் என்பதற்கு நம்மிடமே பெரிய சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடத்தைப் பாருங்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். படத்தில் பெரும்பகுதி வெற்றிடம், இந்தப் பக்கம் வராதே என்று சொல்லும் இடம். இன்றும் ஒரு புரத வடிவம் உருப்படியானதா என்று பார்க்க முதலில் எடுப்பவற்றில் இந்தப் படமும் ஒன்று. (ஆல்ஃபாஃபோல்டு பற்றித் தமிழில் எழுதும்போது ராமச்சந்திரனை விட்டுவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.)

இயந்திரமே ஆராய்ச்சி செய்துவிடும் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள தானியங்கி ஆய்வகம் 17 நாளில் 41 புதிய பொருள்களை உருவாக்கியதாக அறிவித்தது. வேறு வேதியியலாளர்கள் அதன் எக்ஸ்ரே தரவுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, இவற்றில் பல ஏற்கெனவே தெரிந்தவைதானே என்று கேட்டார்கள். தரவு வெளியில் இருந்ததால் கேட்க முடிந்தது.

இப்போது ஊருக்கு ஊர் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு மையத்துக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள். நல்லது. கூடவே செலவில்லாத ஒரு காரியம் செய்யலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் ஏறுகின்றன அல்லவா, அதோடு சரிவராத சோதனைகளுக்கென்று ஓர் அட்டவணைக் கோப்பையும் பல்கலைக்கழகங்கள் கேட்டு வாங்கட்டும். அதை வாய்மொழித் தேர்வில் யாரும் குறையாக எண்ணக் கூடாது. அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் எந்த மாணவரும் தர மாட்டார். வழிகாட்டிப் பேராசிரியர்கள்தான் முதலில் முகம் சுளிப்பார்கள். நானும் அப்போது சுளித்திருப்பேன்.

சாக்குக்குத் தப்பிய இரண்டு நோட்டுகள் என் வீட்டுப் பரணில் கிடைத்தன. பேத்தியின் மடிக்கணினியில் ஒவ்வொரு வரியாக ஏற்றி வருகிறேன். எடை, வெப்பநிலை, நாள் எல்லாம் கட்டத்துக்குள் அடங்குகின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் அந்த மாணவி சிவப்பு மையில், "ராத்திரி கரண்ட் போச்சு சார், காலையில் கலங்கியிருந்தது" என்று எழுதியிருந்தார். மின்வெட்டுக்கு என்று தனியாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி.