புயல் செய்தியைப் புரிந்துகொள்ளவும் எடுத்துச் சொல்லவும் ஓர் ஆங்கில வகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். வேதாரண்யம் கடலோரக் கிராமங்களில் 10-ஆம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கும் பிள்ளைகள் 60 பேருக்கு, வருகிற ஜூன் முதல் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்த முடிவு செய்திருக்கிறோம். ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். இந்த வகுப்பின் பாடம் வேறு. புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி பற்றிய ஆங்கிலச் செய்தியைப் பிசகில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும். தன் ஊரில் நடப்பதை வெளியூர்க்காரருக்கு ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும்தான் எட்டு மாதம் பழக்கப்போகிறோம். அதற்கு உங்கள் கை வேண்டும்.

ஏன் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தபோது நம் நேரப்படி காலை 6.28. இங்கே அலை ஏறியது அதற்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு. அவ்வளவு நேரம் இருந்தும் கரைக்கு ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தோம். 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் என்றால் சில நிமிடங்களில் அறிக்கை வெளியாகிவிடுகிறது.

இப்போது எங்கள் கவலை, வந்து குவியும் செய்தியில் எது உண்மை என்று பிரித்துப் பார்க்க ஆள் இல்லையே என்பதுதான். வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும். முந்தாநாள் வந்த அறிக்கை, ஒடிசாவுக்கான எச்சரிக்கை, ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தின் சிவப்புப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒன்றாக வந்து விழுகின்றன. சென்னை வானிலை மையம் தமிழில் அறிக்கை தருகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புயல் காலத்தில் டெல்லி மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடும் விரிவான அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. புயலின் மையம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது, அடுத்த ஆறு மணி நேரத்தில் எங்கே நகரும், காற்று எவ்வளவு என்ற அட்டவணை எல்லாம் அதில் உண்டு. படகு வைத்திருப்பவருக்கும் உப்பளத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பவருக்கும் வேண்டியது அந்த அட்டவணை.

சென்ற மழைக்காலத்தில் மீனவர் சாவடியில் சில மாலைகள் வகுப்பை நடத்திப் பார்த்தோம். முதல் பாடமாகக் கஜா புயலின் பழைய அறிக்கைகளையே எடுத்துக்கொண்டோம். 2018 நவம்பர் 16 நள்ளிரவு 12.30-லிருந்து 2.30-க்குள் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரையேறியதைப் பிள்ளைகள் மறக்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்த புயலை வைத்துப் படித்தால், அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் எதைச் சொல்லியிருக்கிறது என்பது விளங்கும். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் தாளில் 0300 யு.டி.சி. என்று இருந்ததைப் பார்த்தாள். உலக நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். கூட்டிப் பார்த்து, "அப்போ இது காலை எட்டரை மணி நிலவரம் சார்" என்றாள். அதை விடியற்காலை மூன்று மணி என்று எடுத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் நாங்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அதன்பிறகு பிள்ளைகள் வரைபடத்தை விரித்து, நூலால் தூரம் அளந்து, புயல் நின்ற இடத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார்கள்.

கேட்டுப் புரிந்துகொள்வது இன்னும் கடினம். செய்தி வாசிப்பவர் வேகமாகச் சொல்லும்போது ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. 15 கிலோமீட்டர் காற்று என்றால் வலை காய வைக்கலாம். 50 என்றால் படகை மேலே ஏற்ற வேண்டும். அதனால் தினமும் பத்து நிமிடம் எண்களை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டு எழுதவைக்கிறோம். இறந்தவர் கணக்கைப் படிக்கும்போதும் இந்தக் கவனம் வேண்டும். உறுதியான எண்ணிக்கை எது, அஞ்சப்படும் எண்ணிக்கை எது, அதைச் சொன்னது கலெக்டரா, போலீஸா, பெயர் தெரியாத ஒருவரா என்று பிரித்துக் குறிக்கவேண்டும்.

2012 ஏப்ரல் 11-ஐயும் ஒரு பாடமாக வைத்திருக்கிறோம். பிற்பகல் 2.08-க்கு சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் ஓடினார்கள், பெரிய அலை வரவில்லை. "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அன்று பாறைத் தட்டு பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தது. கடலடி மேலே எழும்பவில்லை, அதனால்தான் கடல் பொங்கவில்லை. முதல் அறிக்கை அலை வர வாய்ப்பு உண்டு என்றது. கடல்மட்ட அளவுகளைப் பார்த்தபிறகே எச்சரிக்கை விலக்கப்பட்டது. எச்சரித்தவர்கள் அன்று செய்தது சரி. இந்த வரிசையை ஒரு பிள்ளை தானே படித்துத் தன் வீட்டில் சொன்னால், அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது அந்த வீடு அலட்சியமாக இருக்காது.

எடுத்துச் சொல்வதற்கு வருவோம். கஜாவுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை, தென்னை மரங்கள் விழுந்து ரோடும் இல்லை. உதவி செய்ய மனமுள்ளவர்கள் டெல்லியிலும் பம்பாயிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். எங்கே எத்தனை வீடு, என்ன உடனே தேவை என்று அவர்கள் மொழியில் பத்து வரி எழுதி அனுப்ப எங்களில் ஆள் இல்லை. மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குத் தமிழில் பேசிவிடலாம். அதற்கு அப்பால் போக ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு பத்தி போட்ட ஒரு தாள் கொடுக்கிறோம்: ஒன்றில் கண்டது, மற்றதில் கேட்டது. பயிற்சிக்காகக் காட்டிய படத்தைப் பார்த்து ஒரு பையன் ஊரே அழிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் எழுதினான். ஆசிரியர், "படத்தில் எத்தனை வீடு தெரியுது?" என்றார். ஏழு. "கூரை போனது?" நான்கு. அந்தக் கணக்கையும் நேரத்தையும் போட்டுத் திருப்பி எழுதினான். இறந்தவர் பெயரை வீட்டாருக்குத் தெரியுமுன் எழுதக் கூடாது, அழுகிறவர்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. எங்கள் குழு இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறது.

கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி தனியாக இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரி முனை அருகே மளமளவென்று வலுத்தபோது, எத்தனையோ படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. அந்த நிலையில் கண்ணில் படும் சரக்குக் கப்பலில் இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரராகவும் இருக்கலாம், கிரேக்கராகவும் இருக்கலாம். கப்பல்கள் ஆபத்து அழைப்புக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் சேனலில் அவரோடு பேச ஆங்கிலம்தான் வழி. உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் மேடே என்ற சொல் மூன்று முறை, படகின் பெயர், நிற்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர். இந்த ஒழுங்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். ஆபத்து இல்லாமல் அந்தச் சேனலில் மேடே சொல்லிப் பார்க்கக் கூடாது என்பதால், ஓடாத பழைய கைக்கருவி இரண்டை வைத்துப் பயிற்சி கொடுப்போம். அவற்றை ஒரு விசைப்படகு உரிமையாளர் இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

இனி செலவு. பட்டதாரி ஆசிரியர் இருவருக்கு மாதம் ரூ. 8,000 வீதம் எட்டு மாதத்துக்கு ரூ. 1,28,000. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் அச்சிட ரூ. 15,000. நவம்பரில் கரண்டை நம்ப முடியாது. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் ரூ. 28,000. நனையாத பெரிய வரைபடங்களுக்கு ரூ. 12,000. ஒலிபெருக்கி, ஒலிப்பதிவுக் கருவிக்கு ரூ. 9,000. ஆகமொத்தம் ரூ. 1,92,000. இடத்துக்கு வாடகை இல்லை. பாடத்தை அமைத்துத் தரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உள்ளூரில் மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், கடைக்காரர்கள் கொடுத்ததில் ரூ. 47,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் ரூ. 1,45,000 வேண்டும். ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கு ரூ. 250 கொடுத்தாலும் அது எங்களுக்குப் பெரிய தொகைதான்.

குழுவின் வங்கிக் கணக்கு மூவர் கையெழுத்தில் நடக்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வரவு செலவை மாதாமாதம் சாவடிப் பலகையில் ஒட்டுவோம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்று எங்களிடம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவுகள் தங்கள் வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்க எங்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. பணத்துக்குப் பதிலாக நீங்கள் தயவுசெய்து வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எங்கள் பிள்ளை ஒருவரோடு போனில் ஆங்கிலத்தில் பேசுங்கள். அவர் உங்களுக்கு அன்றைய வானிலை அறிக்கையைச் சொல்லட்டும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். காசைவிட அந்த உதவிக்குத்தான் ஆள் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

அக்டோபரில் வாடை தொடங்குமுன் பிள்ளைகள் அறிக்கையைத் தாங்களாகவே படிக்கப் பழகியிருக்க வேண்டும். அதனால் மே 31-க்குள் தங்கள் நன்கொடையை வழங்கி உதவுமாறு அன்போடு வேண்டுகிறோம். பணம் கட்டும் விவரத்தைக் குழு உறுப்பினர்களிடம் நேரில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வகுப்புக் குழுவினர்,
வேதாரண்யம் கடலோரக் கிராமங்கள்