நான்கு நல்ல பற்கள்

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் கிளிப் போடுவதற்கு முன்னால் நான்கு நல்ல பற்களைப் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உனக்குத் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாய். போன வருடம் என் பேத்திக்கும் இதையேதான் சொன்னார்கள். நானும் வீட்டில் சண்டை போட்டேன். அப்புறம் உட்கார்ந்து நிறையப் படித்தேன்.

இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு மேல் பழையது. பல் சீரமைப்பைத் தனித் துறையாக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை 1899இல் அவர் மூன்று வகையாகப் பிரித்தார். டாக்டர்கள் இன்றும் அந்த வகைகளைத்தான் சொல்கிறார்கள். ஒரு பல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதில் மனிதர் பிடிவாதம். உன் கட்சிதான்.

அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், குருவின் வழியிலேயே சில வருடம் வைத்தியம் பார்த்தார். பல் வரிசைப்பட்டது. ஆனால் பலருக்கு உதடு முன்னால் தள்ளிக்கொண்டது. கம்பியைக் கழற்றியதும் பல் பழையபடி கோணியது. அதே பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் அடுத்திருக்கும் பல்லை நான்கு பக்கமும் எடுத்துவிட்டு மறுபடி கட்டினார். 1940இல் அப்படி நூறு பேருடைய பல் அச்சு மாதிரிகளைச் சக மருத்துவர்கள் முன் வைத்தார். ஆங்கிள் அதற்குப் பத்து வருடம் முன்பே காலமாகிவிட்டார். குருவிடம் அவ்வளவு பற்று வைத்திருந்தவர் தன் தோல்விகளை நாலு பேர் முன்னால் பரப்பி வைத்தாரே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

பிடுங்கிய இடம் ஓட்டையாகவே நின்றுவிடுமோ என்று பயப்படாதே. பல் எலும்பில் அறைந்த ஆணி இல்லை. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கம்பி மெதுவாகத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிதாக வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். அவசரப்படுத்தினால் வேர் கெடும். அதனால்தான் ஒன்றரை, இரண்டு வருடம்.

என் மகள் கதை உனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவளுக்குத் தெத்துப்பல். கம்பி கட்ட அன்றைக்குக் கையில் காசில்லை. ஒரு பல் வைத்தியர், துருத்திய கோரைப்பல்லையே பிடுங்கிவிட்டார். வாயிலேயே நீளமான வேர் உள்ள பல் அது. இன்றைக்கும் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். பக்கத்துப் பல்லை எடுத்து அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

எல்லாப் பிள்ளைக்கும் பிடுங்க வேண்டியதில்லை. தாடையில் இடம் எவ்வளவு குறைகிறது, பிடுங்காமல் விட்டால் உதடு எப்படி நிற்கும், இந்த இரண்டையும் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேள். பொறுமையாக விளக்கினால் சம்மதி.

பேத்திக்கு இடைவெளி பாதி மூடிவிட்டது. மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸில் போடும் மொறுமொறு வடையைக் கடிக்கக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய துக்கம். குழம்பில் ஊறவைத்துக் கொடுக்கிறேன்.

பேரனை எப்போது கூட்டிப் போகிறாய் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய தெருக்காரன்