மலைக்கு போற மகளுக்கு, பர்கூர்ல இருந்து அம்மா

கண்ணு,

மலைக்கு வாங்கணும்னு நீ அனுப்புன சாமான் லிஸ்ட்ட ரெண்டு வாட்டி படிச்சேன். போன்ல சொன்னா நடுவுல உனக்கு ஆபீஸ் கால் வந்துடும், பாதிய விட்ருவ, அதனால மத்தியானம் தையல் மெஷின நிறுத்திட்டு உக்காந்து டைப் பண்றேன், நீளமா போகும், பொறுமையா படி. உத்தராகண்ட்ல இருக்கற கேதார்காந்தா மலைக்கு நீ போறதுல எனக்கு சந்தோஷம்தான், அப்பாவும் சரின்னுட்டாரு, ஆயா மட்டும் பொம்பள புள்ளைய பனில அனுப்பறீங்களேன்னு கேட்டுகினே இருக்கு, அத நான் பாத்துக்கறேன்.

விஷயம் என்னன்னா, ஜாக்கெட்டுக்கு மட்டும் பன்னெண்டாயிரம் போட்டிருக்க, பேன்ட்டுக்கு நாலாயிரம், ஆனா படுக்கறப்ப அடியில விரிக்கற மேட்டுக்கு ஒண்ணுமே போடல, சாக்ஸ் ஒரே ஜோடி. போட்டோல தெரியற சாமானுக்கு எல்லாம் காசு இருக்கு, தோல்ல ஒட்டறதுக்கும் தரையில படறதுக்கும் காசே இல்ல. இத அப்படியே திருப்பி போடணும் பாப்பா. காலுக்கு, அடியில விரிக்கறதுக்கு, தோல்ல ஒட்டற துணிக்கு, இந்த மூணுக்கும் தாராளமா செலவு பண்ணு, மீதிய வாடகைக்கு எடு, இல்லன்னா நான் தச்சு தர்றேன்.

சிக்கனத்துக்காக சொல்றேன்னு நெனைக்காத. கார்மென்ட்ஸ்ல நான் ஜாக்கெட் லைன்லதான இருந்தேன், வெளிநாட்டுக்கு போற சரக்கு. உள்ள என்ன பைபர் போகுது, ஜிப்புக்கு பின்னாடி காத்து நுழையாம ஒரு பட்டை வச்சு தைக்கணும், மழைக்கு போற ஜாக்கெட்டுன்னா தையல் மேல உள்பக்கமா டேப் ஒட்டணும், இல்லன்னா துணி எவ்ளோ நல்லதா இருந்தாலும் ஊசி ஓட்டை வழியா தண்ணி எறங்கும், இதெல்லாம் கைல பாத்தது. அதனால கடைல ஒரு ஜாக்கெட்ட எடுத்தா லேபிள பாக்காத, உள்ள திருப்பி பாரு. டேப் இருக்கா, ஜிப்புக்கு பின்னாடி பட்டை இருக்கா, கை முனை இறுக்கமா புடிக்குதா. இது மூணும் இருந்தா மூவாயிரத்து ஜாக்கெட்டே போதும்.

மொதல்ல அங்க எவ்ளோ குளிரும்னு தெரிஞ்சுக்கோ. கிருஷ்ணகிரில இருந்து ஓசூர் போனாலே காத்து மாறிடுது இல்ல, ஓசூரே கிட்டத்தட்ட 900 மீட்டர் ஒசரத்துல இருக்கு. ஆயிரம் மீட்டர் ஏற ஏற சுமாரா ஆறரை டிகிரி கொறையும்னு கணக்கு. நீங்க கெளம்பற சாங்க்ரி ஊரே 1,900 மீட்டருக்கு மேல, உச்சி 12,500 அடி, நம்ம கணக்குல 3,800 மீட்டர். அதுவும் வடக்க டிசம்பர் கடைசி. ராத்திரில பூஜ்யத்துக்கு கீழ அஞ்சு, எட்டு, சில நாள் பத்து வரைக்கும் போகும். நம்ம தர்மபுரி வத்தல்மலை மார்கழி குளிர மனசுல வச்சுகினு துணி எடுத்தா பத்தவே பத்தாது.

இப்ப மேட்டுக்கு வர்றேன். உன் மாமா லடாக்ல லே பக்கம் போஸ்டிங்ல இருந்தப்ப லீவுக்கு வந்து சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அக்கா குளிர் மேல இருந்து வர்றத விட கீழ இருந்துதான் ஜாஸ்தி வருதுன்னான். எடுத்த சூடு இட்லிய எவர்சில்வர் தட்டுல வச்சா அடிப்பக்கம் எப்படி சட்டுனு ஆறிப்போகுது, உன் முதுகுக்கும் தரைக்கும் அதான் நடக்கும். ஸ்லீப்பிங் பேக் தடியா இருக்கே அது காப்பாத்தாதான்னு கேப்ப. அந்த பைக்கு சூடு குடுக்கறது பைபரோ இறகோ இல்ல, அதுக்கு நடுவுல நிக்கற காத்துதான். நீ மேல படுத்த உடனே அடிப்பக்கம் அமுங்கி காத்து வெளிய போயிடும், அப்புறம் அந்த எடத்துல பை இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனாலதான் அமுங்காத ஃபோம் மேட்டு வேணும்.

மேட்டுக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போடுவாங்க, ஜாஸ்தியா இருந்தா தரை குளிர அவ்ளோ தடுக்கும். சாதாரண ஃபோம் மேட்டு ரெண்டு கிட்ட வரும், பனி மேல படுக்க நாலு அஞ்சாவது வேணும். காத்தடிச்சு படுக்கற மேட்டுல அந்த நம்பர் கெடைக்கும், ஆனா வெல ஜாஸ்தி, ஒரு முள்ளு குத்துனா அன்னைக்கு ராத்திரி போச்சு. ரெண்டு மேட்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு நம்பரும் கூட்டிக்கலாம், இது நல்ல விஷயம். டெக்கத்லான்ல மடிக்கற ஃபோம் மேட்டு ஒண்ணு எடு, கூட எக்ஸ்எல்பிஇன்னு சொல்ற பாலித்தீன் ஃபோம் மேட்டு ஒண்ணு, யோகா மேட்டுன்னு விக்கறதுலயும் சிலது இதுல வரும், 10 எம்எம் பாத்து எடு, ரெண்டும் சேர்ந்தாலும் நீ பேன்ட்டுக்கு போட்ட காசு வராது. எடையும் இல்ல, பை மேல கட்டிக்கலாம், நடுவுல ரெஸ்ட் எடுக்கறப்ப பனி மேல உக்காரவும் ஆகும்.

ஸ்லீப்பிங் பேக்க இந்த வாட்டி வாங்காத. சாங்க்ரிலயே வாடகைக்கு குடுக்கற கடைங்க இருக்கு, உங்கள கூட்டினு போற ஆளுங்களே டென்ட்டும் பையும் சேத்து குடுக்கறாங்களான்னு மொதல்ல கேளு, நெறைய பேர் குடுப்பாங்க. மைனஸ் பத்துக்கு தாங்கற நல்ல பை வாங்கணும்னா பெரிய காசு, வருஷத்துக்கு ஒரு வாட்டி போறதுக்கு அது தேவையில்ல. ஆனா வாடகை பைய வாங்கறப்ப கண்ண மூடினு வாங்காத. அதுல டெம்பரேச்சர் நம்பர் மூணு போட்டிருப்பாங்க, இத நல்லா படிச்சுக்கோ. ஐ.எஸ்.ஓ 23537ன்னு ஒரு டெஸ்ட், முன்னாடி ஐரோப்பால இ.என் 13537ன்னு இருந்துச்சு, சூடேத்துன பொம்மைக்கு உள்ளாடையும் சாக்ஸும் போட்டு மேட்டு மேல பைக்குள்ள படுக்க வச்சு அளப்பாங்க. கம்ஃபர்ட்னு இருக்கற நம்பர் ஒரு பொம்பள கை கால நீட்டி நிம்மதியா தூங்கற அளவு. லிமிட்னு இருக்கறது ஒரு ஆம்பள சுருண்டு படுத்து ராத்திரிய ஓட்டற அளவு. எக்ஸ்ட்ரீம்னு இருக்கறது தூங்கறதுக்கே இல்ல, ஒரு ஆறு மணி நேரம் உசிர கைல புடிச்சுகினு இருக்கலாம், அவ்ளோதான். கடைல இந்த எக்ஸ்ட்ரீம் நம்பரதான் பெருசா எழுதி வச்சிருப்பாங்க. மைனஸ் பத்துன்னு பை மேல இருந்தா அது எந்த மைனஸ் பத்துன்னு கேளு. நீ கம்ஃபர்ட்ட மட்டும் பாரு.

பைய விரிச்சு வெளிச்சத்துல புடிச்சு பாரு, பைபர் ஒரு பக்கமா ஒதுங்கி சில எடத்துல வெறும் துணி தெரிஞ்சா வேற குடுங்கன்னு கேளு. ஜிப்ப மேலயும் கீழயும் ரெண்டு வாட்டி இழுத்து பாரு. தலைய மூடற மாதிரி கயிறு இருக்கணும். இறகு பை லேசா இருக்கும், சூடும் ஜாஸ்தி, ஆனா நனைஞ்சா உருண்டை உருண்டையா ஒட்டிக்கும், ஒண்ணுத்துக்கும் ஆகாது. பாலியஸ்டர் பைபர் பை கனம், ஆனா ஈரம் பட்டாலும் கொஞ்சம் காப்பாத்தும், வெலயும் கம்மி. பின்னாடி ஏற்காடு, கொடைக்கானல், வத்தல்மலைன்னு நம்ம பக்கம் போக சொந்தமா ஒண்ணு வேணும்னா கம்ஃபர்ட் அஞ்சு டிகிரி போட்ட பைபர் பை வாங்கிக்கோ, அது நம்ம மலைக்கு தாராளம்.

வாடகை பைல யார் யாரோ படுத்திருப்பாங்க இல்ல, அதுக்கு உள்ள போட ஒரு லைனர் நான் தைக்கறேன். என் பழைய சாஃப்ட் சில்க் பொடவை இருக்கு, அந்த அரக்கு கலர், பார்டர் நைஞ்சு போச்சு, ஒடம்பு துணி நல்லாவே இருக்கு. ஜரிகைய வெட்டி எடுத்துடுவேன், தோல்ல ஒரசும். நாலரை மீட்டர ரெண்டா மடிச்சா உன் ஒசரத்துக்கு மேலயே வரும், பக்கத்துல தையல உள்ள மடிச்சு தச்சா பிசிறும் வராது. பட்டு லேசு, சுருட்டுனா உள்ளங்கைல அடங்கிடும், வேர்வைய வாங்கிக்கும் ஆனா சில்லுனு ஒட்டாது, ரெண்டு மூணு டிகிரி சூடும் கூட கெடைக்கும். நம்ம சித்தப்பா மல்பெரி போட்டு தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு கூடு கொண்டு போறாரே, அந்த கூடு ஒரு புழுவ காப்பாத்த கட்டுன வீடுதான, நல்ல துணி கண்ணு அது. கடைல இதே பட்டு லைனர் ஆயிரக்கணக்குல விக்கறாங்க.

இப்ப துணி. பருத்தி எதுவும் வேணாம், ஜீன்ஸ், பனியன், லெக்கின்ஸ், உள்ளாடை கூட. நூல் மில்லுல எடை போடறப்ப ஒரு கணக்கு வச்சிருக்காங்க, பருத்தி சும்மா காத்துல இருந்தே தன் எடைல 8.5 சதவீதம் ஈரத்த வாங்கி வச்சுக்கும், பாலியஸ்டர் 0.4 தான். ஊர்ல வெயிலுக்கு பருத்தி நல்லது, ஆனா அங்க ஏறறப்ப வேர்த்து நனைஞ்சா நின்ன உடனே அந்த ஈரமே உன்ன ஜில்லுனு ஆக்கிடும், காயவும் காயாது. தோல்ல ஒட்டறதுக்கு பாலியஸ்டர் தெர்மல் ரெண்டு செட் எடு. திருப்பூர் காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் மிச்சம் விப்பாங்க, நம்ம கடைக்கு சரக்கு எடுக்க போறவங்க கிட்ட சொல்லி வச்சிருக்கேன், வந்தா உனக்கும் எடுப்பாங்க. ஒரு செட் நடக்க, இன்னொரு செட் படுக்க மட்டும். படுக்கற செட்ட பகல்ல எவ்ளோ ஆசையா இருந்தாலும் போடாத, அது காஞ்சே இருக்கணும்.

அதுக்கு மேல பிளீஸ் சட்டை, புசுபுசுன்னு இருக்கற பாலியஸ்டர் துணில தைக்கறது. இத வாங்கவே வாங்காத. ஊரெல்லாம் சின்ன சூரத்னு சொல்ற பர்கூர்ல இருந்துகினு நாம பிளீஸுக்கு பிராண்ட் காசு குடுக்கறதா? 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் வர்ற பிளீஸ் துணி எடுத்து வச்சிருக்கேன், 58 இஞ்சு அகலம், ரெண்டு மீட்டர்ல உனக்கு காலர் வச்ச சட்டை ஒண்ணு வரும், மிச்சத்துல கழுத்துக்கு ஒண்ணு, காத மூடற தொப்பி ஒண்ணு. வெட்டுனா பிசிறாது, ஓரம் அடிக்கவே தேவையில்ல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ, பிளீஸ் வழியா காத்து பூந்து போகும், அதனால காத்தடிக்கறப்ப மேல நைலான் ஜாக்கெட் போட்டாதான் அது வேல செய்யும். உக்காந்திருக்கறப்ப போட தடியான ஜாக்கெட்ட வாடகைக்கு எடுத்துக்கோ, நடக்கறப்ப அது தேவைப்படாது, வேர்த்து கொட்டும்.

கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி நல்லதா வாங்கு. பெங்களூர்ல திபெத்காரங்க ஸ்வெட்டர் கடை போடறாங்களே, அங்க கம்பளின்னு சொல்றது பாதி அக்ரிலிக். ஒரு நூல் பிசிற வாங்கி வெளிய வந்து நெருப்பு காட்டு, முடி பொசுங்கற வாசனை வந்து கைல தேச்சா தூளா உதுந்தா கம்பளி, உருகி கெட்டியா மணி மாதிரி நின்னா அக்ரிலிக். அக்ரிலிக் தப்பில்ல, தொப்பிக்கு போதும், கம்பளி வெல குடுக்காத, அவ்ளோதான். கம்பளி ஈரமானாலும் சூட்ட விடாது, அதான் காலுக்கு அது வேணும். ஆயா தன் கம்பளிய குடுத்துவுடுன்னு ஒத்த கால்ல நிக்குது, செம்மறி மேய்க்கறவங்க போத்திக்கறதுதான, சூடு நல்ல சூடு, ஆனா அத முதுகுல தூக்கினு ஏற முடியாது, டெஹ்ராடூன்ல இருந்து ஜீப்ல போறப்ப போத்திக்கன்னு வேணா வாங்கிக்கோ, மனசு நோகாது.

ஷூ சாயங்காலமா போய் வாங்கு, கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், கம்பளி சாக்ஸ போட்டுகினே போட்டு பாரு, எறக்கத்துல வெரல் முனை இடிக்க கூடாது, ஒரு சைஸ் பெருசா இருந்தா பரவால்ல. ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்காத, ரத்த ஓட்டம் நின்னா குளிர் ஜாஸ்தியாகும். அடுத்த லீவுக்கு வர்றப்ப அதே ஷூவோட கிருஷ்ணகிரி கோட்டை மலை ஒரு நாள், ராயக்கோட்டை ஒரு நாள் ஏறி எறங்கு, அப்பாவும் வர்றேன்னாரு. பனில வழுக்காம ஷூவுல மாட்டற முள்ளு சங்கிலி, கணுக்கால் உறை எல்லாம் அங்கயே வாடகைக்கு கெடைக்கும்.

படுக்கறப்ப செய்ய வேண்டியத சொல்றேன். நல்லா சாப்ட்டு படு, வயித்துல சோறு இருந்தாதான் ஒடம்பு சூடு பண்ணும். பாட்டில்ல வெந்நி ஊத்தி மூடிய இறுக்கி சாக்ஸுக்குள்ள போட்டு கால்கிட்ட வச்சுக்கோ. பாத்ரூம் வந்தா அடக்காத, சோம்பல் படாம எழுந்து போய்ட்டு வா. மூக்க பைக்குள்ள விட்டு மூச்சு விடாத, உள்ள ஈரமாயிடும், முகத்த மட்டும் வெளிய வச்சு தலைய மூடு. போனும் பேட்டரியும் பைக்குள்ளயே இருக்கட்டும்.

இன்னொண்ணு, இத சத்தியமா கேட்டுக்கோ. எவ்ளோ குளிர்னாலும் டென்ட்டுக்குள்ள அடுப்போ கரியோ கேஸ் ஹீட்டரோ வைக்க விடாத. கூட இருக்கறவங்க சொன்னா நீ வெளிய வந்துடு. ஊட்டி கொடைக்கானல்ல ரூமுக்குள்ள கரி போட்டு தூங்குனவங்க எழுந்திரிக்கலன்னு நியூஸ்ல பாத்திருக்கோம். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கெடையாது, தூக்கத்துலயே உசிரு போயிடும். சமையல் எல்லாம் வெளியதான்.

வந்த பிறகு பிளீஸுக்கும் தெர்மலுக்கும் கம்ஃபர்ட் மாதிரி துணி மெதுவாக்கற லிக்விட் ஊத்தி அலசாத, வேர்வைய இழுக்கற குணம் போயிடும். பிளீஸ அயர்ன் பண்ணாத, உருகும். சொந்தமா பை வாங்குனா சின்ன கவர்ல அமுக்கி வைக்காம பழைய தலையணை உறைல லூசா போட்டு வை.

லைனருக்கும் பிளீஸுக்கும் அளவு வேணும். உச்சந்தலைல இருந்து குதிகால் வரைக்கும், தோளுக்கு தோள், தோள்ல இருந்து மணிக்கட்டு, நெஞ்சு சுத்தளவு, தலை சுத்தளவு, தெர்மல் மாதிரி ஒட்டற துணி ஒண்ண போட்டுகினு அது மேல டேப் வச்சு எடு, உன் ரூம் புள்ளைய எடுக்க சொல்லு, நீயா எடுத்தா கை நீளம் தப்பா வரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு, திங்கக்கிழமை துணி வெட்டறேன்.

அம்மா