மெல்லிசை யாருக்கு மெல்லிசை?

ஆசிரியருக்கு,

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளையொட்டி வெளியான தலையங்கத்தில், குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களில் மெல்லிசை ஒலிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் நாம் மெல்லிசை என்று நினைப்பதெல்லாம் ஆட்டிசம் உள்ள பலருக்கு இருக்கும் ஒலிக்கூச்சத்துக்கு, அதாவது சாதாரண ஒலியையும் தாங்க முடியாத நிலைக்கு, மென்மையாக இருப்பதில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. திடீரென எழும் ஒலியும், கீச்சென்று மேலே ஏறும் சுரமும் பலரைப் பாடாய்ப் படுத்திவிடும்.

என் ஒன்பது வயது மகனை அழைத்துச் செல்லும் மையத்தின் காத்திருப்பு அறையில் நாள் முழுக்கப் புல்லாங்குழல் ஓடும். எனக்கு இதமாகத்தான் இருந்தது. அவனோ, குழல் தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் சுரங்களுக்கு, ஏறும்போதெல்லாம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விடுவான். வீட்டில் வீணை ஆலாபனையைத் தாழ்வாக வைத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்குவான். மிருதங்கம் சேர்ந்ததும் எழுந்துவிடுவான். (இன்னொரு குழந்தைக்கு அந்த வீணையே ஆகாமல் போகலாம்.) ஆகவே, எல்லோருக்கும் ஒரே இசையைப் போடுவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பாட்டுக்கு நடுவே அலறும் விளம்பரங்களை முதலில் நிறுத்தட்டும். அப்புறம், ஒலிபெருக்கியே இல்லாத சிறிய அறை ஒன்றையும் ஒதுக்கித் தரலாம்.

ஒரு வாசகி,
திருச்சி