போகட்டுமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வேறு ஊரில் புது வேலை கிடைத்திருக்கிறது, ஆட்குறைப்பு நடக்கிற இந்த நேரத்தில் "போகட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுண்ணா" என்று கேட்டிருந்தாய். போ. ஆனால் வீட்டைக் காலி செய்துகொண்டு போகாதே. இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் கடிதம் கொஞ்சம் நீளுகிறது.

எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்புச் செய்தியாக இருக்கும்போது, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களும் போனார்கள், பத்துப் பதினைந்து வருடம் இருந்தவர்களும் போனார்கள். இன்றைய வேலையில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நீயே சொல்கிறாய். நாளை திடீரென்று வெளியே வர நேர்ந்தால் அதுதான் உன்னை அதிகம் வாட்டும்.

அதே சமயம் புதிதாகச் சேர்பவருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். ப்ரொபேஷனில், அதாவது வேலை நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலத்தில், இருப்பவரை அனுப்புவது கம்பெனிக்குச் சுலபம். நோட்டீஸ் பீரியடும் குறைவு. இழப்பீட்டைப் பெரும்பாலும் வேலை பார்த்த வருடங்களை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், அப்போது உனக்குக் கிடைப்பது சொற்பம். சேர்வதற்கு முன்பே கைவிட்ட கதையும் இருக்கிறது: 2022 ஜூனில் காயின்பேஸ் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனம், வேலையை ஒப்புக்கொண்டு காத்திருந்தவர்களின் ஆஃபரையே ரத்து செய்தது. அதனால் கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வராமல் இங்கே ராஜினாமா கொடுக்காதே. வாய்வார்த்தையை நம்பாதே.

ப்ரொபேஷன் முடியும்வரை நீ மட்டும் போய்ச் சின்னதாக ஓர் அறை எடுத்துத் தங்கு. மாப்பிள்ளை தன் வேலையை இப்போதே விட வேண்டாம். பாப்பாவையும் படிப்பு வருடத்தின் நடுவில் பள்ளி மாற்ற வேண்டாம். பிரிந்திருப்பது கஷ்டம்தான், அதை லேசாக எண்ணவில்லை. இருவர் சம்பளமும் ஒரே நேரத்தில் நிற்பது அதைவிடப் பெரிய கஷ்டம். முதல் சில மாதம் வீட்டிலிருந்தே பார்க்கட்டுமா என்றும் கேட்டுப் பார். சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொள். எழுத்தில் இருந்தாலும் அது நிரந்தரம் என்று எண்ணிக்கொள்ளாதே. அமேசான் 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025 ஜனவரியிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரும்படி தன் அலுவலக ஊழியர்களிடம் சொல்லிவிட்டது.

அப்புறம், சம்பளத்தைவிட நான் அதிகம் யோசிக்கிற விஷயம் ஒன்று. இந்த வேலை போனால், அதே ஊரில் உன் துறையில் வேறு யார் வேலை தருவார்கள்? நாலைந்து கம்பெனி இருந்தால் நீ ஊர் மாறுவது வேறு கணக்கு. இந்த ஒரே கம்பெனியை நம்பித்தான் போகிறாய் என்றால், சம்பளம் எவ்வளவு கூடினாலும் குடும்பத்தோடு குடியேற நான் சொல்ல மாட்டேன். நீ சேரப்போகும் டீமில் இதற்கு முன் இந்த இடத்தில் யார் இருந்தார், ஏன் போனார் என்பதையும் நேராகவே கேள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

வாடகை ஒப்பந்தத்தில், நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பார். கையிருப்பைக் கணக்கிடும்போது ஆறு மாதச் செலவோடு, திரும்பி வருகிற செலவையும் சேர்த்துக்கொள். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஜாயினிங் போனஸ், ஊர் மாறுவதற்கான பணம் இரண்டையும் பற்றிய பத்தியை மட்டும் பொறுமையாகப் படி. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். நீயாக விலகினால் சரி. அவர்களே அனுப்பினாலும் தர வேண்டுமா என்பது சில ஒப்பந்தங்களில் தெளிவாக இருக்காது. "நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் திருப்பித் தர வேண்டியதில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேள். தயங்காதே, சேரும் முன்தான் உனக்குப் பேரம் பேசும் பலம் அதிகம். மறுத்தால் அந்தப் பணத்தை ஒரு வருடம் தொடாமல் தனிக்கணக்கில் வை. கையெழுத்துப் போடும் முன் லெட்டரை எனக்கும் அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அண்ணன்