தீவில் பறவை பார்க்க ஓத அட்டவணையும் வேண்டும்

ஆசிரியருக்கு,

வெப்பமண்டலத் தீவுகளில் பறவை பார்ப்பது பற்றி எழுதுபவர்கள் 'அதிகாலையில் போங்கள்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மழைக்காட்டுக்கு அது சரி, கடற்கரைக்குப் போதாது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, பார்த்தே இரை தேடுகின்றன. நீர் வற்றியிருக்கும்போது சேற்றுவெளியில் வெகுதூரம் சிதறி வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்துவிட்டால், ஏறும் நீரே அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். கால் நிறம், அலகின் வளைவு எல்லாம் பிடிபடும். நீர் முழுதும் ஏறியபின் அவை கூட்டமாக ஓய்வெடுக்கும் திட்டை மட்டும் தயவுசெய்து நெருங்காதீர்கள். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் வலசைக்காகச் சேர்த்த கொழுப்பு வீணாகிறது.

காட்டுக்குள் 10×42 பைனாகுலரைவிட 8×42 மேல் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம் மி.மீ.யில்). கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4.2 மி.மீ.க்குப் பதில் 5.25 மி.மீ. அகலம் இருக்கும், இருண்ட மரநிழலில் இது பெரிய வித்தியாசம். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துப் போனால் லென்ஸில் நீர் பூத்துவிடும், அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட வேண்டும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கொடுமை: எதிரி நுழைந்ததாக எண்ணி, அடைகாக்கும் பறவை கூட்டைவிட்டு வந்துவிடும்.

தீவுகளைப் பற்றிய சுற்றுலாப் பக்கங்களில் அந்த வாரத்தின் ஓத நேரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பறவை நோக்கர்கள் சிலர்