600 டாலர் காசோலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

"வரி குறைஞ்சா நமக்கும் நல்லதுதானேப்பா, ஏன் இவ்வளவு வருத்தப்படுறீங்க?" என்று, டிரம்ப்பின் வரிக்குறைப்பு நிரந்தரமானதைப் பற்றிப் பேசும்போது போன வாரம் கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

2001 கோடையில், அமெரிக்காவில் எடிசன் ஊரில் இருந்த நம் வீட்டுக்கு ஒரு காசோலை வந்தது. சுதந்திர தேவி படம் போட்டது, 600 டாலர். உனக்கு அப்போது நாலு வயது. அம்மா அதில்தான் உனக்குச் சிவப்புக் கோட் வாங்கினாள். அப்போதைய அதிபர் புஷ் கொண்டுவந்த வரிக்குறைப்பு அது. அரசிடம் உபரி இருக்கிறது, மக்கள் பணத்தை மக்களுக்கே திருப்பித் தருகிறோம் என்றார்கள். கடனை அடைக்காமல் ஏன் தருகிறார்கள் என்று ஒரு நெருடல் இருந்தாலும், நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் குறைப்புக்கு முதலில் 2010 கடைசி வரைதான் ஆயுள். 100 பேர் கொண்ட மேலவையான செனட்டில் சாதாரணமாக ஒரு மசோதா தாண்ட 60 ஓட்டு வேண்டும். பட்ஜெட் மசோதாவாகக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் ஒன்று போதும். ஆனால் வழக்கமாகப் பத்து வருஷமான பட்ஜெட் கணக்குக் காலத்தைத் தாண்டிப் பற்றாக்குறையைக் கூட்டக் கூடாது. அதனால் கெடு வைத்தார்கள். கெடு வைத்தால் செலவும் சிறியதாகத் தெரியும். தேதி நெருங்கும்போது, நீட்டிக்காவிட்டால் எல்லோருக்கும் வரி ஏறும் என்று பயம் காட்டலாம். 2017-இல் டிரம்ப் சட்டமும் இதே வழிதான். கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21-ஆகக் குறைத்தது நிரந்தரம். நம்மைப் போன்றவர்களுக்குக் குறைத்ததில் பெரும்பகுதி 2025 டிசம்பர் வரை.

2025 ஜூலை 4 அன்று அதையும் நிரந்தரமாக்கினார்கள். செனட்டில் 50-50. துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் நிறைவேறியது. எனக்குப் பொறுக்காதது அவர்கள் போட்ட கணக்கு. ஏற்கெனவே இருக்கிற குறைப்பைத் தொடர்வதற்குப் புதுச் செலவே இல்லை என்று செனட்டில் எழுதிக்கொண்டார்கள். பத்து மாதத்துக்கென்று வாங்கிய கைமாற்றை, பதினோராம் மாதம் நோட்டில் ஏற்றாமல் விட்டால் உன் பாட்டி சும்மா இருப்பாளா? வழக்கமான முறையில் கணக்குப் போட்ட, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், அந்தச் சட்டத்தால் பத்து வருஷத்தில் பற்றாக்குறை 3.4 டிரில்லியன் டாலர் கூடும் என்றது. அதே சட்டம் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டையும் வெட்டுவதால், 2034-க்குள் சுமார் 1 கோடிப் பேர் கூடுதலாக மருத்துவக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்றும் சொன்னது.

நான் நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காருவேன் அல்லவா, இந்த பிப்ரவரியில் ஓர் அம்மா வந்தார். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. சம்பளச் சீட்டை ரொட்டிப் பையில் மடித்து வைத்திருந்தார். திரும்ப வரும் தொகையைச் சொன்னதும், கார் டயர் மாற்றிவிடலாம் என்று முகம் மலர்ந்தது. அப்புறம் பர்ஸிலிருந்து, அந்த அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் அட்டையை எடுத்து, "இது இருக்குமா?" என்றார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவருக்குக் குறைத்த வரி நிரந்தரமாக இருக்கட்டும் பாப்பா, முழு மனசோடு சொல்கிறேன். புஷ்ஷின் அந்தக் குறைப்பு விஷயத்தில் 2013 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்டது அப்படித்தான். தம்பதிகளுக்கு 4,50,000 டாலர் வரை குறைப்பு நிரந்தரம், அதற்கு மேல் வரும் வருமானத்துக்குப் பழைய 39.6 சதவீதம். அன்று பிரித்துப் பார்க்க முடிந்தது. இன்று ஏன் முடியவில்லை?

அந்தக் காசோலையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் திருப்பிப் பார். நாட்டின் கடனை அன்றே பென்சிலில் குறித்திருந்தேன்: 5.8 டிரில்லியன். 2025 ஜூலை 4 அன்று அதன் கீழே 36 என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. குட்டிக்கு முத்தம்.

அப்பா